கொட்டிலும் தோட்டமும் ஒரே கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சிறு கமக்காரரின் வளவுகளிலே இன்று இரண்டு பொருள்களைப் பெரும்பாலும் காணலாம். அடுக்களைத் தட்டிலே ஒரு பால்மாப் பெட்டி. கோடிப்புறத்திலே வெறுமையான ஒரு பசளைப் பை. இரண்டும் கப்பலேறி வந்தவை. இரண்டுக்கும் உரிய காசு அந்த வீட்டுக்காரர் விளைவித்த வெங்காயத்திலும் நெல்லிலும் இருந்தே போயிருக்கின்றது. இவ்விரண்டுக்கும் நடுவே, கூரை சரிந்து, உள்ளே விறகு அடுக்கப்பட்டு, ஒரு கொட்டில் நிற்கும். அது ஒரு காலத்தில் மாட்டுக் கொட்டில். அங்கே நின்ற பசு பாலையும் தந்தது, எருவையும் தந்தது. அது விற்கப்பட்ட நாள் முதல், அது தந்துவந்த இரண்டையும் விலை கொடுத்து வாங்கும் நிலை அக்குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது.

2021 ஆம் ஆண்டிலும் 2022 ஆம் ஆண்டிலும் இந்த இரண்டு பொருள்களும் நாட்டிலே ஒருங்கே அரிதாகிவிட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பால்மாவுக்கு மக்கள் வரிசையிலே நின்றார்கள். பசளைக்குக் கமக்காரர் அலைந்தார்கள். அந்த நாட்களிலே கொட்டிலில் ஒரு பசு நின்ற வீடு எது, நில்லாத வீடு எது என்பது ஊரிலே எல்லோருக்கும் தெரிந்தது.

தமிழிலே மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருளாகும். பாலை மட்டும் கருதியா நம் முன்னோர் அவ்வாறு வழங்கினார்கள்? இன்று, "மாடு வளர்த்து என்ன மிச்சம்?" என்று கேட்கும் இளைஞர் பலர் உளர். "தோட்டஞ் செய்து என்ன மிச்சம்?" என்று கேட்போரும் உளர். இரண்டு கேள்விகளையும் தனித்தனியே கேட்டால் இரண்டுக்கும் விடை நட்டம் என்றே வரக்கூடும். கொட்டிலையும் தோட்டத்தையும் ஒரே ஏட்டிலே எழுதிப் பார்த்தால் விடை மாறுகின்றது. அவ்வாறு எழுதும் முறையையே இன்று ஆராய விரும்புகின்றோம்.

முன்னோர் கையாண்ட முறை

குடாநாட்டின் மண் இயற்கையிலே கொழுத்த மண் அன்று. கோப்பாய், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் முதலிய இடங்களின் செம்மண் நீரை விரைவாக உட்கொள்ளும்; ஆனால் சேதனப் பொருளை நெடுங்காலம் தேக்கி வைத்திராது. வெப்பம் அதனை விரைவில் உக்கச் செய்து கரைத்துவிடும். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மழையோ ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கொட்டிவிட்டுப் போய்விடும். மற்றைய மாதங்களிலே சுண்ணாம்புக் கல்லின் அடியிலே தேங்கிய கிணற்று நீரே கதி. இத்தகைய நிலத்திலே தலைமுறை தலைமுறையாகப் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் மரவள்ளியும் வாழையும் விளைந்து வந்தமைக்குக் காரணம், மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இருந்தமையேயாகும்.

அவ்வழக்கத்தின் நடுவிலே நின்றவை ஆடும் மாடும். அறுவடை முடிந்த நிலத்திலே பட்டி அடைத்தார்கள். பகலெல்லாம் தரவையிலும் ஒழுங்கை ஓரத்திலும் மேய்ந்த ஆடுகளோ மாடுகளோ இரவிலே அந்நிலத்திற் படலுக்குள் அடைக்கப்பட்டன. இத்தனை இரவுக்கு இவ்வளவு என்று பட்டிக்காரருக்கு நெல்லோ காசோ கொடுக்கப்பட்டது. ஓரிடத்திற் போதிய எரு விழுந்தபின் படலைப் பெயர்த்து அடுத்த இடத்திலே நாட்டினார்கள். இம்முறையிற் சாணகமும் பிழுக்கையும் மட்டுமன்றிச் சலமும் நேராக மண்ணிலே விழுந்தது. சுமை கூலி இல்லை, சேதாரமும் குறைவு. ஊர்ப் பொதுத் தரவையின் புல்லை, எவரும் தலையிலே சுமவாமல், தம் நிலத்துக்குப் பசளையாகக் கொண்டுவந்து சேர்க்க இதைவிட எளிய வழி வேறில்லை.

வேலியும் வெறும் வேலியாக இருக்கவில்லை. பூவரசு, கிளுவை, முள்முருக்கு, பின்னாளிலே சீமைக்கிளுவை ஆகியவற்றின் கதியால்களை நாட்டி உயிர்வேலி அமைத்தார்கள். வெட்டிய குழையின் ஒரு பகுதி ஆட்டுக்குத் தீனாயிற்று. ஒரு பகுதி உழுத நிலத்திலே சாலுக்குள் தாழ்க்கப்பட்டது. போதாத குழை வன்னிக் காடுகளிலிருந்து வண்டிகளில் வந்தது. பச்சைப் பனையோலையைக் கிழித்து மாட்டுக்குப் போட்டார்கள். வீடு வேய்ந்து பழுதாகிய ஓலையைத் தோட்டத்திலே புதைத்தார்கள். அரிசி கழுவிய நீரும் கஞ்சியும் கழுநீர்ப் பானைக்குள் போய் மாட்டின் வயிற்றை அடைந்தன. வீணாக வெளியே எறியப்பட்டது என்று அந்த வளவிலே ஏதும் இருக்கவில்லை.

அறுந்தது எவ்வாறு?

இவ்வொழுங்கு ஒரே நாளில் அழிந்துவிடவில்லை. உழவு இயந்திரம் வந்ததும் எருதுகளுக்கு வேலை குறைந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்ததும் முன்னையிலும் அதிகமான நிலத்திற்கு நீர் பாய்ந்தது; அதிகமான நிலத்திற்கு எரு போதவில்லை; பைப் பசளை அவ்விடத்தை நிரப்பியது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. பயிரிலே காசு கண்ட கமக்காரர் மாட்டை ஒரு தொல்லையாக எண்ணத் தலைப்பட்டதில் வியப்பில்லை. அதன்பின் போர் வந்தது. 1995 ஆம் ஆண்டு வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது மாடுகளைக் கட்டவிழ்த்து விட்டுப் போனார்கள். மீண்டு வந்தபோது பல வளவுகளிலே கொட்டிலும் இல்லை, கதியாலும் இல்லை. வேலி நின்ற இடத்திலே இப்பொழுது மதிலும் தகரமும் நிற்கின்றன. மதில் ஆட்டுக்குத் தீன் தராது.

பைப் பசளை மலிவாய் இருக்கும் வரையும் இவ்விழப்பு உறைக்கவில்லை. 2005 ஆம் ஆண்டின் பின் பல ஆண்டுகளாக, நெற்செய்கையாளருக்கு 50 கிலோப் பசளைப் பை மானிய விலையாக 350 ரூபாவுக்குக் கிடைத்தது. 2022 ஆம் ஆண்டிலே அரசாங்கம் இந்தியக் கடனுதவியிற் பெற்று வழங்கிய 50 கிலோ யூரியாப் பையின் விலை 10,000 ரூபா. வெளிச்சந்தையிலோ அதனினும் அதிகம். பயிருக்குப் பசளை போடுவதற்காகத் தாலிக்கொடியை அடகு வைத்த குடும்பங்களை ஊரூராகக் கேட்டறியலாம். கொட்டில் வெறுமையானதன் விலை அப்பொழுதுதான் தெரிந்தது.

ஏட்டைத் திறந்து பார்ப்போம்

மாணவர்கள் பென்சிலை எடுத்துக்கொண்டு எம்முடன் சேர்ந்து கூட்டிப் பார்க்கட்டும். இரண்டு பசுக்கள் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நடுத்தர உடம்புள்ள பசு ஒன்று நாளொன்றுக்குப் பத்துக் கிலோ சாணகம் இடும் என்று வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் 20 கிலோ. ஆண்டிலே 7,300 கிலோ. பச்சைச் சாணகத்தில் நைதரசன் நூற்றுக்கு ஏறக்குறைய 0.4 பங்கு. ஆகவே கிடைப்பது 29 கிலோ நைதரசன். யூரியாவில் நைதரசன் நூற்றுக்கு 46 பங்கு. எனவே அச்சாணகம் 63 கிலோ யூரியாவுக்கு ஈடாகும். அதாவது ஒரு பையும் சற்று மேலும்.

"இவ்வளவுதானா?" என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் பெரும்பாலோர் கணக்கை மூடிவிடுகிறார்கள். சலத்தை அவர்கள் எழுதுவதில்லை. பசு ஒன்று நாளொன்றுக்கு ஆறு லீற்றர் சலம் விடும் என்று குறைத்தே மதிப்பிட்டாலும், இரண்டுக்கும் ஆண்டிலே 4,380 லீற்றர் ஆகின்றது. சலத்திலே நைதரசன் நூற்றுக்கு ஏறக்குறைய 1 பங்கு. அஃது 44 கிலோ. யூரியாவாகப் பார்த்தால் 95 கிலோ. நாம் கூடையிலே பக்குவமாக வாரிக் கிடங்கிலே போடும் சாணகத்தைவிட, கொட்டில் நிலத்திலே ஊறி மணத்துப் போகும் சலத்திலே நைதரசன் அதிகம்! சாம்பற்சத்து எனப்படும் பொற்றாசியத்தின் பெரும்பகுதியும் சலத்திலேயே கழிகின்றது. பொசுபரசு மட்டும் சாணகத்திலே தங்குகின்றது.

இரண்டையும் கூட்டினால் ஆண்டிலே மூன்று பை யூரியாவுக்குச் சற்று மேற்பட்ட சத்து அக்கொட்டிலிலே உண்டாகின்றது. முழுவதும் பயிரைச் சென்றடையாது. வெயிலிலே காய்ந்தாற் காற்றோடு போகும். மழையிலே நனைந்தால் நீரோடு போகும். கவனமாகப் பேணினாலும் பாதியைக் காப்பாற்றினாற் பெரிது. காப்பாற்றியதிலும் ஒரு பகுதியே முதற் போகத்திற் பயிருக்குக் கிட்டும். எஞ்சியது அடுத்தடுத்த போகங்களுக்குப் பயன்படும். ஆயினும் பைப் பசளை தராத ஒன்றை எரு தருகின்றது. அது மண்ணைப் பொதுபொதுப்பாக்கி நீரைப் பிடித்துவைக்கச் செய்கின்றது. இறைப்புக்குச் செலவாகும் மண்ணெண்ணெயையும் மின்சாரத்தையும் எண்ணிப் பார்ப்போர் இதன் பெறுமதியை அறிவர்.

சலத்தைக் காப்பதற்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. கொட்டில் நிலத்தை இறுக்கி, ஒரு பக்கம் சரிவாக அமைத்து, சிறு வாய்க்கால் வழியே எருக்கிடங்குக்கு விடலாம். அதுவும் இயலாதாயின், மாடு தின்று கழித்த வைக்கோலையும் சருகையும் படுக்கையாகப் பரப்பி, நனைந்ததைக் காலைதோறும் வாரிக் கிடங்கிலே போடலாம். கிடங்கின்மேல் ஓலையாற் பந்தல் போடுவது அவசியம். வெயிலுக்கும் மழைக்கும் திறந்துகிடக்கும் எருக்கும்பி, வாய் திறந்த பணப்பை போன்றது.

ஏட்டின் வரவுப் பக்கத்திலே இன்னும் சில வரிகள் உள. வீட்டிற் குடித்த பால் வருமானம் அன்று என்று பலர் விட்டுவிடுகின்றனர். அப்பாலைக் கடையிலே பால்மாவாக வாங்கினால் எவ்வளவு செலவோ அவ்வளவும் வருமானமேயாகும். நாட்டுப் பசு நாளுக்கு ஒன்றிரண்டு லீற்றருக்கு மேற் கறவாது. கலப்பினப் பசு நல்ல தீன் கிடைத்தால் ஐந்து முதல் எட்டு லீற்றர் வரை கறக்கும். கன்றின் வளர்ச்சியும் வரவே. சாணகத்தை எரிவாயுக் கலத்துக்கு இடுவோர்க்கு, இரண்டு பசுக்களின் சாணகத்தாலே ஓர் அடுப்பு நாளுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எரியும். கழிவாக வரும் கூழிலே பசளைச் சத்துக் குறையாமல் இருக்கும். 2022 இல் எரிவாயுக் கொள்கலனுக்கு வீதியிலே காத்துக் கிடந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தீன் எங்கே?

செலவுப் பக்கத்திலே பெரிய வரி தீன். பிண்ணாக்கும் தவிடும் முழுவதும் கடையிலே வாங்கி மாடு வளர்ப்பவர் கடைக்காரருக்காகவே வளர்க்கிறார் எனலாம். ஆகவே தோட்டமும் வயலும் கொட்டிலுக்கு எதைத் தருகின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

நெல் எவ்வளவு நிறை விளைகின்றதோ, ஏறக்குறைய அவ்வளவு நிறை வைக்கோலும் கிடைக்கின்றது. ஓர் ஏக்கரிலே 1,200 கிலோ நெல் விளைந்தால் வைக்கோலும் ஏறக்குறைய 1,200 கிலோ. நாளுக்கு மூன்று கிலோ வீதம் ஒரு பசுவுக்கு 400 நாட்கள் வரும். அதன் உணவிற் பாதி அதுவே. இன்று அறுவடை இயந்திரம் வைக்கோலை வயலெங்கும் சிதறிவிட்டுப் போகின்றது. கூட்டி எடுக்கக் கைகள் இல்லாமையாற் பலர் தீ வைத்துவிடுகிறார்கள். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்த பொற்றாசியத்திற் பெரும்பங்கு வைக்கோலிலேயே இருக்கின்றது. சாம்பலைக் காற்றும் முதல் மழையும் கொண்டுபோய்விட்டபின், அதனையே மறுபடியும் பையிலே வாங்குகின்றோம்.

வைக்கோல் வயிற்றை நிரப்புமேயன்றி உடம்பை வளர்க்காது. அதிற் புரதம் நூற்றுக்கு நான்கு பங்கு அளவே. அதனைச் சீர்செய்ய ஒரு வழி உண்டு. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை நீரிலே கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி, இரண்டு மூன்று வாரம் வைத்திருந்தால், வைக்கோல் மெதுவாகிச் சத்தும் கூடும். ஆனால் யூரியாவை நேரே தின்னும் மாடு இறந்துவிடும். ஆதலின் மிருக வைத்தியரிடம் செய்முறையை நேரிற் கண்டறிந்த பின்னரே இதனைச் செய்தல் வேண்டும்.

இதனினும் எளியது வேலி. சீமைக்கிளுவை இலையின் உலர்நிறையிலே புரதம் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல். இது பிண்ணாக்கோடு ஒப்பிடத்தக்கது. வெட்டிய குழையைச் சில மணி நேரம் வாடவிட்டுக் கொடுத்தால் மணத்துக்குப் பயந்து மறுக்கும் ஆடும் பழகிக்கொள்ளும். அகத்தி, முள்முருக்கு, இப்பில் இப்பில், பலா இலை என்பனவும் உள. வரம்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் கோ-3 புல்லை நட்டால் வழிந்தோடும் நீரிலேயே அது வளரும். கச்சான் பிடுங்கியபின் எஞ்சும் கொடி, சோளத் தட்டை, பயற்றங்கொடி, நீர்வேலிப் பக்கத்து வாழைத் தோட்டங்களிலே குலை வெட்டியபின் சாயும் தண்டு ஆகிய எல்லாம் தீனே. வெங்காயம் கிண்டியபின் அடுத்த பயிருக்கு முன்னே, சணலோ கௌபியோ விதைத்தால் பாதியைத் தீனாகவும் பாதியைத் தாழ்க்கும் பசளையாகவும் கொள்ளலாம்.

காலத்துக்கு வரும் காசு

சிறு கமக்காரரை வருத்துவது வருமானக் குறைவு மட்டுமன்று. அது வரும் காலமும் ஆகும். காலபோக நெல் மாசி, பங்குனியிலே காசாகும். வெங்காயம் கிண்டும் காலத்திலே எல்லோரும் ஒருங்கே கிண்டுவதால் விலை விழும். ஆடி, ஆவணியிலே கிணறு தாழும். புரட்டாதியிலே உழவுக்கும் விதைக்கும் காசு வேண்டும். கையிலோ ஏதும் இராது. கடன்காரர் வாயிலுக்கு வருவதும் நகை அடகுக்குப் போவதும் அப்பொழுதுதான்.

இவ்விடைவெளியை நிரப்ப ஆட்டைப் போல் உதவுவது பிறிதொன்றில்லை. ஆடு ஐந்து மாதத்திலே ஈனும். நன்கு பேணினால் இரண்டு ஆண்டிலே மூன்று முறை ஈனும். இரட்டைக் குட்டி அரிதன்று. இரண்டு மூன்று மறிகள் உள்ள வீட்டிலே, எந்த மாதமும் விற்கத்தக்க கிடாய் ஒன்று வளர்ந்துகொண்டே இருக்கும்படி செய்துகொள்ளலாம். புரட்டாதியிலே ஒரு கிடாயை விற்றவர் வட்டிக் கடன் எடாமல் விதைத்துவிடுகிறார். எடாத கடனின் வட்டியும் வருமானமே என்பதை ஏட்டிலே எழுதத் தவறலாகாது. வெங்காய விலை விழும்போது அவசரப்பட்டு வயலிலேயே விற்றுத் தீர்க்காமல், கட்டித் தொங்கவிட்டுக் காத்திருக்கும் வலிமையையும் அந்தக் கிடாய்தான் தருகின்றது.

பால், வாராவாரம் கைக்கு வரும் காசு. ஆடு, தேவைக்கு வரும் காசு. பயிர், போகத்துக்கு வரும் காசு. ஒன்று தவறும்போது மற்றொன்று தாங்கும். முற்றத்துக் கோழிகள் இவற்றோடு சேர்ந்தால் பிள்ளைகளுக்கு முட்டையும் உண்டு. கோழி எரு காரம் மிகுந்தது. உக்கவைத்த பின்னரே பயிருக்கு இடல் வேண்டும்.

எவருடைய கைகள்?

இங்கே ஓர் உண்மையை மறைக்காமற் சொல்ல வேண்டியிருக்கின்றது. கொட்டில் வேலையை யார் செய்கிறார்கள்? விடியுமுன் சாணகம் வாருவதும், பால் கறப்பதும், கழுநீர் வைப்பதும், குழை ஒடிப்பதும் பெரும்பாலும் இல்லத்து மகளிரே. பயிர் வேலைக்கு ஆள் பிடித்தாற் கூலி கணக்கிலே ஏறுகின்றது. இவர்களுடைய உழைப்பு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. "மாட்டுக்கு என்ன செலவு?" என்று ஆண்மக்கள் கேட்கும்போது, இரண்டு மூன்று மணி நேர உழைப்பு நாள்தோறும் அங்கே மறைந்து கிடக்கின்றது. அதனையும் எழுதிய பின்னரே இலாபம் எது, நட்டம் எது என்று சொல்லுதல் நேர்மையாகும்.

2009 ஆம் ஆண்டின் பின் வடக்கிலே பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் பல்லாயிரம். அவற்றுட் பல, இரண்டு ஆட்டையோ ஒரு பசுவையோ கொண்டே மறுபடியும் எழுந்து நின்றன. பாற்காசும் ஆட்டுக்காசும் அவர்கள் கையிலேயே வந்து, அவர்கள் தீர்மானப்படியே செலவாகும்போது, அது கொப்பியும் சப்பாத்துமாகப் பிள்ளைகளைச் சென்றடைகின்றது. ஆதலால் பால் கூட்டுறவுச் சங்கத்திலே அங்கத்துவம் எவர் பெயரில் இருத்தல் வேண்டும் என்பது ஒவ்வொரு குடும்பமும் சிந்திக்கத்தக்கது.

ஆபத்துக்களும் உள

மாடு வைத்தாற் போதும், யாவும் நலமே என்று நாம் கூற முன்வரவில்லை. உயிருள்ள செல்வம் நோயும் சாவும் உடையது. தோலிலே கட்டிகளை உண்டாக்கும் ஒரு வைரசு நோய் 2020 ஆம் ஆண்டிலே முதன்முதலாக இந்நாட்டிற் பரவியபோது, வடக்கு மாடுகளே முதலிற் பாதிக்கப்பட்டன. கொசுவும் கடிக்கும் ஈயும் அதனைப் பரப்பின. 2022 ஆம் ஆண்டு மார்கழியிலே மண்டூஸ் புயலோடு வந்த கடுங்குளிரிலும் மழையிலும் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் மடிந்தன. திறந்த வெளியிலே, வயிறு ஒட்டி, ஒதுங்க இடமின்றி நின்றவையே பெரும்பாலும் இறந்தன. கூரையும் ஒரு கட்டு வைக்கோலும் அவற்றுட் பலவற்றைக் காத்திருக்கும்.

கிழக்கிலே வேறொரு சிக்கல். மட்டக்களப்பு மாவட்டத்திலே மாடுகள் மந்தையாக உள. பெரும்போகத்தில் வயலிலே நெல் நிற்கும்போது அவற்றைத் தூரத்து மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துச் செல்வதும், அறுவடையின் பின் அரிதாளுக்குத் திருப்பிக் கொண்டுவருவதும் மரபு. அம்மேய்ச்சல் தரை இல்லையேல் மாட்டுக்காரரும் வயற்காரரும் பகைவராவர். மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர் 2023 ஆம் ஆண்டு தொடங்கிய போராட்டம் இதனைப் பற்றியதே. கொட்டிலும் வயலும் கூடி வாழ்வதற்கு ஊர்ப் பொது நிலமும் வேண்டும் என்பதை அது யாவருக்கும் உணர்த்திற்று.

இன்னுமோர் எச்சரிக்கை. 2021 ஆம் ஆண்டு மே மாதத்திலே அசேதனப் பசளை இறக்குமதி திடீரென்று தடுக்கப்பட்டு, விளைச்சல் பெரிதும் வீழ்ந்து, நவம்பரிலே அத்தடை தளர்த்தப்பட்டது. அதனைக் கொண்டு, சேதனப் பசளை பயனற்றது என்று சிலர் முடிவு கட்டினர். பிழை எருவில் இல்லை. கொட்டில்களை ஐம்பது ஆண்டாக வெறுமையாக்கிவிட்டு, ஒரே போகத்திலே எருவைத் தேடியதிலேதான் பிழை. எருவையும் பைப் பசளையையும் சேர்த்து இட்டு, பையின் அளவை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைப்பதே அறிவுடைமை.

குறைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. குடாநாட்டுச் சுண்ணாம்புக் கல்லின் வழியே, பயிர் உண்ணாத நைதரசன் நைத்திரேற்றாகிக் கிணற்றை அடைகின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. செறிவாகப் பயிர் செய்யும் இடங்களிலே பல கிணறுகள் அவ்வெல்லையைத் தாண்டியிருப்பதை 1980 களிலிருந்து நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீரிலே பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். எருவும் அளவு மீறினால் இதே கேட்டைச் செய்யும். ஆகவே எருக்கிடங்கைக் கிணற்றுக்கு எட்டவே அமைத்தல் வேண்டும். அதன் அடியையும் களிமண்ணால் இறுக்குதல் வேண்டும்.

தொடங்குவது எங்கே?

வெறுங் கொட்டிலுக்குள் கடன்பட்டுக் கலப்பினப் பசுவைக் கொண்டுவந்து கட்டுவது தொடக்கம் அன்று. முதலிலே தீன். மாரி தொடங்கும்போது வேலியோரம் கதியாலும் வரம்போரம் புல்லும் நாட்டுங்கள். அவை தழைத்தபின் இரண்டு மறிகளை வாங்குங்கள். நிலத்திலிருந்து உயர்த்திய பரண் கொட்டிலாயின் பிழுக்கை கீழே தானாகச் சேரும். குட்டிக்கும் நோய் குறையும். ஆட்டிலே கைப்பழக்கமும் சிறிது காசும் வந்தபின், உங்கள் தீனுக்குத் தக்க பசுவைத் தேடுங்கள்.

வீட்டிலே படிக்கும் பிள்ளையிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, தை முதல் மார்கழி வரை ஓராண்டுக் கணக்கை எழுதச் சொல்லுங்கள். விற்ற பால், குடித்த பால், கிடங்குக்குப் போன எருக்கூடை, வாங்காமல் விட்ட பசளைப் பை, எடாமல் விட்ட கடன், கொட்டிலிலே கழிந்த தாயின் மணித்தியாலங்கள் ஆகிய எல்லாவற்றையும் அப்பிள்ளை எழுதட்டும். பாடசாலைக் கணிதத்திலே இதனைவிடப் பயனுள்ள பயிற்சி ஒன்றை நாம் அறியோம்.

கொட்டிலில் எஞ்சி நிற்கும் ஒரே பசுவையும் விற்றுவிடலாம் என்று எண்ணியிருக்கும் குடும்பங்கள் இவ்வாரமும் பல இருக்கும். அவர்களிடம் எமது வேண்டுகோள் ஒன்றே. அந்தக் கொப்பி நிரம்பும் வரை பொறுங்கள். நிரம்பிய பின்னரும் நட்டம் என்றே வந்தால் விற்றுவிடுங்கள். அப்பொழுது என்ன விற்கிறோம் என்பதை அறிந்து விற்றவர்களாவீர்கள்.